எது பெரிய கை? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் 304 என்னும் சீட்டாட்டத்தின் புள்ளிக் கணக்கைப் பற்றி எழுதியதைத் தொடர்ந்து, போக்கர் ஆட்டத்தைப் பற்றிக் கேட்டுப் பல கடிதங்கள் வந்துள்ளன. அவற்றுள் ஒன்றையொன்று தொட்டுச் செல்லும் சிலவற்றை மட்டும் இம்முறை எடுத்துக்கொள்கிறேன். பணம் வைத்து ஆடுவது எப்படி என்று கேட்டிருந்த இரண்டு கடிதங்களுக்கு இங்கே பதில் இல்லை.

கேள்வி: பதுளையிலிருந்து பொடி மெனிக்கே புகையிரதத்தில் வரும்போது எதிர் ஆசனங்களில் சில சுற்றுலாப் பயணிகள் போக்கர் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருவரிடம் ஐந்து சீட்டுகளும் ஹார்ட்டாகவே இருந்தன. இன்னொருவரிடம் மூன்று எட்டும் இரண்டு நாலும் இருந்தன. எட்டு வைத்திருந்தவரே வென்றதாக எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஐந்தும் ஒரே இனமாக வருவதுதானே அரிது?
– வாசகர், ஹப்புத்தளை

பதில்: பார்வைக்கு அப்படித்தான் தோன்றும். ஐந்தும் சிவப்பாக விரிந்து கிடக்கும் கை கண்ணைப் பறிக்கும். மூன்று எட்டும் இரண்டு நாலும் கலந்த கையில் அப்படியொரு அழகு இல்லை. ஆனால் போக்கரில் கைகளின், அதாவது ஒருவரிடம் சேரும் ஐந்து சீட்டுத் தொகுதிகளின், வரிசையை அழகோ வழக்கமோ தீர்மானிப்பதில்லை. ஐந்து சீட்டுகள் பிரித்துக் கொடுக்கப்படும்போது குறைவான வழிகளில் வரக்கூடிய கை, கூடுதலான வழிகளில் வரக்கூடிய கையை வெல்லும் என்பதே அடிப்படை விதி. ஆகவே எண்ணிப் பார்த்தால் போதும்.

52 சீட்டுகளிலிருந்து ஐந்தை எடுப்பதற்கு மொத்தம் 2,598,960 வழிகள் உண்டு. அவற்றுள் நீங்கள் பார்த்த எட்டு–நாலு கையை, அதாவது ஃபுல் ஹவுஸை, முதலில் எண்ணுவோம். கட்டில் எட்டு நான்கு இருக்கிறது. அவற்றுள் மூன்றை எடுப்பது என்றால் எந்த ஒன்றை விட்டுவிடுவது என்பதுதான் கேள்வி, எனவே 4 வழிகள். நான்கு நாலுகளிலிருந்து இரண்டை எடுக்க 6 வழிகள். இரண்டையும் பெருக்கினால் மூன்று எட்டும் இரண்டு நாலும் கொண்ட கைகள் 24. எட்டின் இடத்தில் இரண்டு முதல் ஆஸ் வரையான 13 பெறுமானங்களில் எதுவும் இருக்கலாம், நாலின் இடத்தில் மீதி 12இல் எதுவும் இருக்கலாம் என்பதால் 24ஐ 156ஆல் பெருக்க 3,744 வருகிறது.

இனி ஃபிளஷ் எனப்படும் ஒரே இனக் கை. ஹார்ட்டில் இருக்கும் 13 சீட்டுகளிலிருந்து ஐந்தை எடுக்க 1,287 வழிகள். நான்கு இனங்களுக்கும் சேர்த்து 5,148. இவற்றில் 40 கைகள் ஒரே இனமாக இருப்பதோடு தொடர்ச்சியாகவும் இருப்பதால் அவை வேறு பெயரில் மேல்வரிசைக்குப் போய்விடும். மிஞ்சுவது 5,108. எனவே ஃபுல் ஹவுஸ் சராசரியாக 694 கைகளுக்கு ஒரு முறை வரும், ஃபிளஷ் 509 கைகளுக்கு ஒரு முறை வரும். வித்தியாசம் பெரிதில்லை என்பதால்தான் கண் ஏமாறுகிறது. தீர்ப்பு சரியானதே.

கேள்வி: முழு வரிசையையும் ஒரே இடத்தில் சொல்ல முடியுமா? மனப்பாடம் செய்ய முயன்று ஒவ்வொரு முறையும் நடுவில் குழம்பிவிடுகிறேன்.
– இல்லத்தரசி, நானுஓயா

பதில்: கீழிருந்து தொடங்கினால் குழப்பம் குறையும், ஏனென்றால் உங்கள் கைக்கு வருபவை பெரும்பாலும் கீழ்வரிசைக் கைகள்தான். ஒன்றுக்கொன்று சேராத ஐந்து சீட்டுகள் கடைசி; அவை 1,302,540, அதாவது எல்லாக் கைகளிலும் பாதிக்குச் சற்றுக் கூட. அதற்கு மேலே ஒரு சோடி, 1,098,240. இரண்டு சோடி 123,552. ஒரே பெறுமானத்தில் மூன்று சீட்டு 54,912. இனம் எதுவானாலும் ஐந்தும் தொடர்ச்சியாக இருக்கும் ஸ்ட்ரெயிட் 10,200. பிறகு மேலே கண்ட ஃபிளஷ் 5,108, ஃபுல் ஹவுஸ் 3,744. ஒரே பெறுமானத்தில் நான்கும் வருவது 624. ஒரே இனத்தில் தொடர்ச்சியாக ஐந்து வரும் ஸ்ட்ரெயிட் ஃபிளஷ் 40. அவற்றுள் பத்து முதல் ஆஸ் வரை செல்லும் ரோயல் ஃபிளஷைத் தனியே பிரித்து எண்ணினால் 4.

நீங்கள் குழம்பும் இடம் எதுவென்று எழுதவில்லை. அநேகமாக அது ஸ்ட்ரெயிட், ஃபிளஷ், ஃபுல் ஹவுஸ் ஆகிய மூன்றாகத்தான் இருக்கும். இவற்றின் எண்களைப் பாருங்கள்: ஏறத்தாழ பத்தாயிரம், ஐயாயிரம், நான்காயிரத்துக்குச் சற்றுக் குறைவு. எண் இறங்க இறங்கக் கை ஏறுகிறது. மேலே உள்ள இரண்டு மூன்று கைகளை மறந்தாலும் பாதகமில்லை. அவை வரும் நாளில் மேசையில் உள்ள யாராவது நினைவூட்டிவிடுவார்கள்.

கேள்வி: எங்கள் லயத்தில் எல்லோரிடமும் இருப்பது 304 ஆடும் கட்டுதான், அதாவது ஏழு முதல் ஆஸ் வரை 32 சீட்டுகள். மீதிச் சீட்டுகள் எங்கோ தொலைந்து வெகுகாலமாகிறது. பொழுதுபோக்காக இதே கட்டில் ஐந்து சீட்டு போக்கர் ஆடுகிறோம். 304இல் ஜாக் 30, ஒன்பது 20, ஆஸ் 11 என்று ஏற்கெனவே வேறு வரிசை. அந்தப் பழக்கம் இங்கேயும் வந்து வாக்குவாதமாகிறது. எந்த வரிசையை வைத்துக்கொள்வது?
– இளைஞர் கழகத்தினர், பண்டாரவளை

பதில்: இந்த இதழுக்கு வந்தவற்றுள் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். முதலில் 304ஐ ஒதுக்கிவிடலாம். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை என்பது வழக்கத்தால் நிலைத்த ஏற்பாடு. ஓர் இனத்தின் கூட்டுத்தொகை 76, நான்கு இனத்துக்கும் 304. ஆட்டத்தின் பெயரே அதுதான். கட்டில் ஜாக்கும் நான்கு, ஏழும் நான்கு என்னும்போது ஜாக் உயர்ந்து நிற்பதற்கு எண்ணிக்கையில் எந்தக் காரணமும் இல்லை. போக்கரில் தனிச் சீட்டுகளின் வரிசை ஆஸிலிருந்து கீழ்நோக்கி இறங்கும் சாதாரண வரிசை. எண்ணிக்கை பேசுவது கைகளின் வரிசையில் மட்டுமே.

இப்போது உங்கள் 32 சீட்டுகளை எண்ணுவோம். மொத்தம் 201,376 கைகள். ஃபுல் ஹவுஸ்: 8 பெறுமானங்களில் ஒன்றில் மூன்று, மீதி 7இல் ஒன்றில் இரண்டு, ஆக 56ஐ 24ஆல் பெருக்க 1,344. ஃபிளஷ்: ஓர் இனத்தில் எட்டே சீட்டுகள் இருப்பதால் அவற்றுள் ஐந்தை எடுக்க 56 வழிகள்தான், நான்கு இனங்களுக்கும் 224. இவற்றில் தொடர்ச்சியானவை 16ஐக் கழித்தால் 208. ஆக ஹப்புத்தளை வாசகர் சொன்னதுதான் உங்கள் கட்டில் உண்மையாகிறது, ஃபிளஷ் ஃபுல் ஹவுஸை வெல்ல வேண்டும்.

அதோடு நிற்கவில்லை. ஒரே பெறுமானத்தில் நான்கு வருவதை எண்ணுங்கள். எட்டுப் பெறுமானங்களில் ஒன்று, ஐந்தாவது சீட்டாக மீதி 28இல் ஏதாவது ஒன்று: 224. ஃபிளஷ் 208. நான்கு ஆஸ் வைத்திருப்பவரையும் உங்கள் கட்டில் ஒரு சாதாரண ஃபிளஷ் வென்றுவிட வேண்டும்! இதை எழுதுவதற்கு முன் நானே இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன். காரணம் எளிது. சிறிய சீட்டுகளை நீக்கும்போது ஒவ்வோர் இனமும் 13இலிருந்து எட்டாகச் சுருங்கிவிடுகிறது, ஆனால் ஒவ்வொரு பெறுமானத்திலும் நான்கு சீட்டுகள் அப்படியே நிற்கின்றன. இனத்தை நம்பும் கைகள் மெலிகின்றன, சோடிகளை நம்பும் கைகள் பெருகுகின்றன.

மீதி வரிசை மாறவில்லை: ஸ்ட்ரெயிட் 4,080, மூன்று ஒரே பெறுமானம் 10,752, இரண்டு சோடி 24,192. இங்கே ஆஸை ஏழுக்குக் கீழே வைத்துத் தொடங்கும் தொடர்ச்சியை நான் கணக்கில் எடுக்கவில்லை. அடிமட்டத்தில்தான் இன்னொரு வேடிக்கை. ஒரு சோடி 107,520. எதுவும் சேராத கை 53,040 மட்டுமே. கட்டில் எட்டே பெறுமானங்கள் இருப்பதால் ஐந்து சீட்டில் சோடி விழாமல் தப்புவதே கடினமாகிவிடுகிறது. எண்ணிக்கையை அப்படியே பின்பற்றினால் ஒன்றுமில்லாத கை சோடியை வெல்ல வேண்டும். ஆனால் நீங்கள் சீட்டு மாற்றிக்கொள்ளும் ஆட்டம் ஆடுபவர்களாக இருந்தால் அப்படி விதி வைக்காதீர்கள். சோடி உள்ளவர் அதைக் கலைத்துப் புதுச் சீட்டு கேட்பார், ஆட்டம் தலைகீழாகிவிடும். ஃபிளஷை மேலே ஏற்றுங்கள், சோடியை அதன் இடத்தில் விடுங்கள். சீட்டைக் குலைப்பதற்கு முன்பே இதைப் பேசி முடிவு செய்துகொள்வது நல்லது.

போக்கர் தொடங்கிய காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதியில் பத்து முதல் ஆஸ் வரையான 20 சீட்டுகளில்தான் அதை ஆடினார்கள். ஆகவே சிறிய கட்டில் ஆடுவதற்காக நீங்கள் கூச்சப்பட வேண்டியதில்லை.

கேள்வி: என் மகன் கைத்தொலைபேசியில் காசு இல்லாமல் போக்கர் விளையாடுகிறான். அதில் ஃபிளஷும் ஃபுல் ஹவுஸும் அடிக்கடி வருகின்றன. ஐந்நூறுக்கு ஒன்று என்று எங்கோ படித்த ஞாபகம். அந்தச் செயலி ஏமாற்றுகிறதா?
– பெயர் வேண்டாம், மஸ்கெலியா

பதில்: ஐந்நூறுக்கு ஒன்று என்பது ஐந்து சீட்டுகளுக்கான கணக்கு. கைத்தொலைபேசிகளில் பெரும்பாலும் ஆடப்படுவது டெக்சஸ் ஹோல்டெம். அதில் ஒவ்வொருவருக்கும் மறைவாக இரண்டு சீட்டுகள், மேசையில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. இந்த ஏழிலிருந்து சிறந்த ஐந்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏழு சீட்டுகளில் ஃபிளஷ் வர 3.03 சதவீத வாய்ப்பு, அதாவது 33 கைகளுக்கு ஒன்று. ஃபுல் ஹவுஸ் 2.60 சதவீதம், ஸ்ட்ரெயிட் 4.62 சதவீதம். நான்கு ஒரே பெறுமானம் 595 கைகளுக்கு ஒன்று. இன்னொன்றையும் கவனியுங்கள்: மோசமான சீட்டு கிடைத்தவர்கள் இடையிலேயே கையை மடக்கி விலகிவிடுவதால், கடைசியில் விரித்துக் காட்டப்படுபவை ஏற்கெனவே வடிகட்டப்பட்ட நல்ல கைகள். கொழுந்துக் கூடையின் மேலே இருப்பதை மட்டும் பார்த்து மலை முழுவதையும் எடைபோட முடியாது.

அந்தக் குறிப்பிட்ட செயலிக்கு நான் சான்று தர இயலாது. ஆனால் நீங்களே சோதிக்கலாம். முதலில் கிடைக்கும் இரண்டு மறைவுச் சீட்டுகளும் சோடியாக இருக்க 17க்கு ஒன்று என்பதே வாய்ப்பு. முதற்சீட்டு எதுவானாலும் மீதி 51இல் அதே பெறுமானம் கொண்டவை 3 என்பதால் இது காகிதம் இல்லாமலே தெரியும். மகனிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து, 500 முறை எத்தனை சோடி வந்தது என்று கோடு போட்டுவரச் சொல்லுங்கள். சராசரி 29. பெரும்பாலும் 19க்கும் 40க்கும் இடையே நின்றுவிடும். எழுபது எண்பது என்று வந்தால் எனக்கு மறுபடியும் எழுதுங்கள்.

கேள்வி: உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிக்கிறேன். சேர்மானங்கள் பகுதியில் பயிற்சிக்காக ஏழு சீட்டுக் கைகளை எண்ணினேன். மொத்தம் 133,784,560 கைகளில் ஒன்றும் சேராதது 17.4 சதவீதம், ஒரு சோடி 43.8, இரண்டு சோடி 23.5. அரிதான கை வெல்லும் என்றால், ஒன்றும் சேராத கை இரண்டு சோடியையும் வெல்ல வேண்டாமா?
– மாணவி, ஹட்டன்

பதில்: உங்கள் எண்கள் சரி. அந்த விதியை நீங்கள் சொன்னபடி மாற்றிவிட்டதாக வைத்துக்கொண்டு ஓர் ஆட்டம் ஆடுவோம். உங்களிடம் 9, 9, ராஜா, ராணி, 7, 5, 2 என்று ஏழு சீட்டுகள். இதில் ஒரு சோடி இருக்கிறது. ஆனால் ஏழில் ஐந்தைத் தெரிந்தெடுக்கும் உரிமை உங்களுடையது. ஒரு ஒன்பதைக் கீழே போட்டுவிட்டு ராஜா, ராணி, 9, 7, 5 என்று காட்டினால் அது ஒன்றும் சேராத கை, புதிய விதிப்படி அதுவே பெரியது. ஒரு சோடி உள்ள ஒவ்வொருவரும் இதையே செய்வார். இரண்டு சோடி உள்ளவரிடமும் ஏழு சீட்டுகளில் பெரும்பாலும் ஐந்து வெவ்வேறு பெறுமானங்கள் இருப்பதால் அவருக்கும் இது சாத்தியம். அப்படியானால் 17.4 ஆக இருந்தது 80க்கு மேலே ஏறிவிடும், அரிதாக இருந்த கை எல்லாவற்றிலும் மலிவானதாகிவிடும். உடனே அதை மறுபடி கீழே இறக்க வேண்டும், இறக்கியதும் மறுபடி அரிதாகும். தெரிவு செய்யும் உரிமை இருக்கும் ஆட்டத்தில் வரிசையே எண்ணிக்கையைப் பாதிப்பதால், ஐந்து சீட்டுக்கான பழைய வரிசையை அப்படியே வைத்திருக்கிறார்கள். தேர்வில் இது வராது. ஆனாலும் நீங்கள் கேட்டது தேர்வுக் கேள்விகளை விட நல்ல கேள்வி.

கேள்வி: ராணி, ராஜா, ஆஸ், 2, 3 தொடர்ச்சியா? இரண்டு பேரிடமும் ஃபிளஷ் இருந்தால் ஸ்பேட் பெரிதா, ஹார்ட் பெரிதா?
– வாசகர், பதுளை

பதில்: தொடர்ச்சி இல்லை. ஆஸ் ராஜாவுக்கு மேலேயும் நிற்கலாம், இரண்டுக்குக் கீழேயும் நிற்கலாம். நடுவில் நின்று பாலம் போட முடியாது. இனங்களுக்குள் உயர்வு தாழ்வு கிடையாது. இரு ஃபிளஷ் மோதினால் மேற்சீட்டைப் பாருங்கள், அதுவும் சமமென்றால் அடுத்தது. ஐந்தும் சமமென்றால் பங்கிட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

கேள்வி: நாங்கள் புளியங்கொட்டை வைத்து ஹோல்டெம் ஆடுகிறோம். நாலு சீட்டு ஒரே இனமாகச் சேர்ந்து ஐந்தாவதற்குக் காத்திருக்கும்போது நான் எப்போதும் மடக்காமல் தொடர்ந்து, எப்போதும் தோற்கிறேன். காத்திருப்பது தவறா?
– வாசகர், டிக்கோயா

பதில்: புளியங்கொட்டையோடு நிறுத்திக்கொண்டது நல்லது. காத்திருப்பது தவறா என்பது உங்கள் சீட்டை மட்டும் பொறுத்ததில்லை, எத்தனை கொட்டை கொடுத்துக் காத்திருக்கிறீர்கள் என்பதையும் பொறுத்தது.

மேசையில் மூன்று சீட்டுகள் திறந்திருக்கின்றன, உங்களுடைய இரண்டையும் சேர்த்து நான்கு டைமண்ட் என்று வையுங்கள். கட்டில் இன்னும் 9 டைமண்ட் மிச்சம், உங்கள் கண்ணுக்குத் தெரியாத சீட்டுகள் 47. அடுத்த சீட்டிலேயே கிடைக்க 47இல் 9, சுமார் 19 சதவீதம். இரண்டு சீட்டுகளும் திறக்கும்வரை காத்திருந்தால் 35 சதவீதம். மூன்றில் ஒரு முறைக்குச் சற்று மேல் என்பதை 'எப்படியும் வரும்' என்று மனம் எடுத்துக்கொள்வதுதான் உங்கள் நட்டத்துக்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

கடைசிச் சீட்டு ஒன்றுதான் பாக்கி என்னும் நிலையில் வாய்ப்பு 46இல் 9, அதாவது 19.6 சதவீதம். எதிராளி வைத்ததையும் சேர்த்து நடுவில் 60 கொட்டைகள் குவிந்திருக்கின்றன, தொடர்வதற்கு நீங்கள் 20 போட வேண்டும். போட்டால் மொத்தம் 80. அதில் உங்கள் பங்கு நாலில் ஒன்று, 25 சதவீதம். 19.6 சதவீத வாய்ப்புக்கு 25 சதவீதம் கொடுப்பது நட்டம், மடக்கிவிடுங்கள். அதே 20க்கு நடுவில் 100 இருந்தால் உங்கள் பங்கு 120இல் 20, 16.7 சதவீதம், அப்போது தொடரலாம். அப்படிச் சரியாகத் தொடரும்போதும் ஐந்தில் நான்கு முறை தோற்பீர்கள் என்பதை மறக்க வேண்டாம். வெல்லும் ஐந்தாவது முறையில் கிடைக்கும் குவியல் அந்த நான்கையும் ஈடுசெய்கிறதா என்பதுதான் கணக்கு.

ஸ்ட்ரெயிட்டுக்கு இரு பக்கமும் திறந்து காத்திருப்பவருக்கு 8 சீட்டுகள் உதவும், இரண்டு சீட்டுகளுக்கும் சேர்த்து 31 சதவீதம். நடுவில் ஒன்று மட்டும் குறைந்தால் 4 சீட்டுகள்தான், 16 சதவீதத்துக்குச் சற்று மேல். நடுச்சீட்டுக்குக் காத்திருப்பதை நான் விட்டுவிடச் சொல்வேன்.

கேள்வி: தொடர்ந்து ஆறு கைகளில் எனக்கு ஒரு சோடிகூட வரவில்லை. ஏழாவதில் நிச்சயம் வரும் என்றேன், நண்பர்கள் சிரித்தார்கள்.
– வாசகர், கொட்டகலை

பதில்: ஐந்து சீட்டு ஆட்டமென்றால் ஆறு முறை தொடர்ந்து ஒன்றும் சேராமல் போவது 63க்கு ஒன்று என்னும் அளவில் நிகழும், அரிதுதான், அதிசயமில்லை. ஏழாவது முறை சீட்டைக் குலைத்த பின் கட்டுக்குப் பழைய கைகள் எதுவும் தெரியாது. வாய்ப்பு பாதிக்குப் பாதியாகவே இருந்தது. ஏழாவது கையில் என்ன வந்தது என்று எழுதாமல் விட்டுவிட்டீர்களே!

கேள்வி: முப்பது வருடங்களாக வார இறுதியில் நண்பர்களோடு ஐந்து சீட்டு போக்கர் ஆடுகிறேன். ரோயல் ஃபிளஷ் ஒன்றைக்கூட நேரில் கண்டதில்லை. அது உண்மையில் வருமா?
– ஓய்வுபெற்ற தோட்ட உத்தியோகத்தர், நுவரெலியா

பதில்: வரும், ஆனால் 649,740 கைகளுக்கு ஒன்று. நிமிடத்துக்கு ஒரு கை வீதம், நாளுக்கு எட்டு மணித்தியாலம், போயா தினமும் பாராமல் உட்கார்ந்து சீட்டுப் பிரித்தால் இத்தனை கைகளை முடிக்க 1,354 நாட்கள் ஆகும். ஏறத்தாழ மூன்று வருடம் எட்டு மாதம். அத்தனையும் பிரித்து முடித்த பிறகும் ஒரு ரோயல் ஃபிளஷையாவது கண்டிருக்க 63 சதவீத வாய்ப்புத்தான் உண்டு. வார இறுதியில் நீங்கள் நூறு கைகள் பார்த்ததாக வைத்தாலும் முப்பது வருடத்தில் 156,000 கைகள் தேறும். அதற்குள் ஒன்றைக் கண்டிருக்க 21 சதவீதம். இந்தக் கணக்கு கொடுத்த சீட்டோடு ஆடும் ஆட்டத்துக்கு. நீங்கள் சீட்டு மாற்றி ஆடுபவராக இருந்தால் வாய்ப்பு சற்றுக் கூடும். பண்டாரவளைக்காரர்களின் 32 சீட்டுக் கட்டை ஒரு நாள் கேட்டு வாங்குங்கள். அதில் 50,344 கைகளுக்கு ஒன்று.